நான்கு மில்லி

சிவபாண்டி மச்சானின் காரில் ஏற வேண்டுமென்றால் செருப்பைக் கழற்ற வேண்டும். மழை பெய்தாலும் கழற்ற வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போனாலும் கழற்ற வேண்டும். கழற்றிய செருப்பு டிக்கியில் கிடக்கும் மஞ்சள் பைக்குள் போக வேண்டும். பையில் போட மறந்து, கோயில் வாசலில் விடுவது மாதிரி ரோட்டிலேயே விட்டுவிட்டு ஏறியவர்கள் எங்கள் குடும்பத்தில் மூன்று பேர். என் அக்கா மீனாவின் ஒரு ஜோடி சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடை வாசலில் நின்றுவிட்டது. விளாங்குடி தாண்டித்தான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போனபோது இல்லை. மச்சான் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. "வண்டி லட்சுமி. செருப்பு போனா வேற வாங்கிக்கலாம்" என்றார்.

அவர் மீனாவின் கணவர். சமயநல்லூரில் பம்ப்செட் கடை வைத்திருக்கிறார். கார் எட்டு வருடத்துக்கு முன்னால் பழையதாக வாங்கியது. பெட்ரோல் வண்டி, ஐந்து கியர், இரும்புப் பெடல். வாங்கிய அன்று நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகு அதற்குள் செருப்பு நுழைந்ததில்லை. எனக்கென்று கார் கிடையாது. எனக்கு இருந்த ஒரே வாய்ப்பு இந்த வண்டியை நம்பித்தான் இருந்தது.

கோயம்புத்தூரில் ஒரு ரேஸ் டீம் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் புது டிரைவர் இரண்டு பேரைத் தேடியது. தேர்வானால் வருடம் முழுவதும் அவர்களுடைய காரில் பந்தயம் ஓட்டலாம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கான தேர்வு வாடிப்பட்டி தாண்டி, ஓர் இன்ஜினியரிங் காலேஜ் தன் மாணவர்களுக்காகப் போட்டு வைத்திருக்கும் ஓடுதளத்தில். எட்டுப் பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அழைத்திருந்தார்கள். அவரவர் காரைக் கொண்டுவர வேண்டும்.

நான் இரவு ஷிஃப்ட் வேலையை விட்டுப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. மீனா என் பழைய மேனேஜருக்கு அவளாகவே போன் செய்து பேசி முடித்துவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும்தான்டா வீரணா. எடுத்தாய்ங்கன்னா ஓட்டு, நான் ஒண்ணுஞ் சொல்லல. எடுக்கலைன்னா திங்கக்கெழம ராத்திரி ஒம்போது மணிக்கு ஷிஃப்ட்டுக்குப் போற."

"யாரக் கேட்டு போன் பண்ணுன?"

"பகல் பூரா தூங்குறவன எப்படிக் கேக்குறது?"

வேலையை விட்ட பிறகும் எனக்குப் பகலில்தான் தூக்கம் வந்தது.

தேர்வில் அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது ஹீல் அண்ட் டோ. பெயரைக் கேட்டால் டான்ஸ் மாதிரி இருக்கும். விஷயம் இதுதான். வளைவு வருகிறது, பிரேக் அடிக்கிறோம். வளைவிலிருந்து வெளியே வரும்போது இழுவை வேண்டும் என்பதால், பிரேக் அடித்துக்கொண்டிருக்கும்போதே கியரை மூன்றுக்கோ இரண்டுக்கோ இறக்க வேண்டும். சின்ன கியருக்கு இன்ஜின் வேகமாகச் சுற்ற வேண்டும். ஆனால் வலது கால் பிரேக்கில் இருக்கிறது, ஆக்சிலேட்டரைக் கவனிக்க ஆளில்லை, இன்ஜின் மந்தமாகக் கிடக்கிறது. அப்படியே கிளட்சை விட்டால் வண்டி மூக்கால் குத்தும், டயர் ஒரு கணம் வழுக்கும். வளைவு வாயில் அந்த ஒரு கணம் போதும், புல்லுக்குள் போய்விடலாம். அதனால் வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டிருக்க, அதே பாதத்தின் வெளி விளிம்பைச் சாய்த்து ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். இன்ஜின் ஒரு முறை உறுமும். உறுமல் அடங்குவதற்குள் கிளட்சை விட வேண்டும். சரியாகச் செய்தால் கியர் மாறியதே தெரியாது.

என் கால் எட்டவில்லை.

சமயநல்லூரைத் தாண்டி ஒரு லேஅவுட் இருக்கிறது. வாசலில் அலங்கார வளைவு கட்டி, நகர் என்று பெயர் எழுதி, தார் ரோடு போட்டு, மனைக்கல் நட்டு, இருநூறு பிளாட்டில் ஒரே ஒரு வீடு கட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டிலும் ஆள் இல்லை. காலையில் ஏழு மணிக்கு அங்கே போய்விடுவோம். நேர் ரோட்டில் அறுபது வரை போய், கடைசி மனைக்கல்லுக்கு முன்னால் பிரேக், மூன்று, இரண்டு, திருப்பு. நான் வெறுங்காலில் ஓட்டுவேன். பக்கத்தில் மச்சான் வெறுங்காலில் உட்கார்ந்து டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

"மாப்ள, கியர் அழுகுது."

"அழுகல மச்சான். இன்ஜின் ரெவ் சேரல."

"எனக்கு அழுகுற மாதிரிதான் கேக்குது."

பாதத்தை எவ்வளவு உருட்டினாலும் ஆக்சிலேட்டர் தள்ளியே இருந்தது. கணுக்கால் சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். நான்கு நாளும் இதே கதை. ஐந்தாம் நாள், அங்கே ஆடு மேய்க்கும் அழகம்மாள் தன் ஆடுகளை நடு ரோட்டில் நிறுத்திவிட்டு வந்து கண்ணாடியைத் தட்டினார். அந்த லேஅவுட் புல்லுக்கு அவர்தான் உரிமையாளர் மாதிரி.

"தெனமும் போறீக, வாரீக, போறீக, வாரீக. என்னத்தத் தொலச்சீக இங்க?"

"வண்டி பழகுறோம்மா" என்றார் மச்சான்.

"எட்டு வருசமா இந்த வண்டிய ஓட்டுற, இன்னுமா பழகல?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

அன்றே விளாங்குடிக்குப் போனோம். வெங்கடரமணன் அண்ணனின் லேத் பட்டறை திண்டுக்கல் ரோட்டை ஒட்டி இருக்கிறது. மாவு கிரைண்டர், ஜூஸ் மெஷின், எதைக் கொண்டுபோனாலும் அளந்து பாகம் செய்து தருவார். கண்ணளவை நம்பமாட்டார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக வெர்னியர் அளவுகோல் இருக்கும். பட்டறைக்கு மேலேயே வீடு. மாடியிலிருந்து அவர் மனைவி நாகமணி சௌராஷ்டிர மொழியில் ஏதாவது கேட்பார், இவர் நிமிராமலே சௌராஷ்டிரத்தில் பதில் சொல்வார், எங்களிடம் தமிழில் அளவு சொல்வார். ஒன்றுக்கொன்று கலக்காது.

விஷயத்தைச் சொன்னேன். வண்டியைச் சுற்றி வந்தார், கதவைத் திறந்தார், மச்சான் வாய் திறப்பதற்கு முன்னால் தன் செருப்பைக் கழற்றிவிட்டார். அவர் வீட்டுக் காரிலும் அதே சட்டம்தானாம். மச்சானுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"என் பெடல்ல ஓட்ட போடக் கூடாதுண்ணே" என்று மட்டும் நிபந்தனை வைத்தார்.

"போடல. மேல கவ்வுற மாதிரி செஞ்சு தாரேன்."

வேலையில் குறை சொல்ல முடியாது. இன்ஜினை ஓடவிடச் சொன்னார். பிரேக்கை அமுக்கச் சொன்னார். "இன்னும் அமுக்கு. வளைவு வந்துருச்சு, அமுக்குப்பா. இப்ப பெடல் எம்புட்டு கீழ போச்சோ, அங்க இருந்துதான் அளக்கணும். சும்மா நிக்கிற பெடல அளந்து புண்ணியமில்ல." இது பல பெரிய ஒர்க்‌ஷாப்காரர்களுக்கே தெரியாது. பிறகு தரையில் படுத்து, தலையை உள்ளே விட்டு, என் வெறுங்காலை வெர்னியரால் கவ்வி அளந்தார். இரும்பு ஜில்லென்று இருந்தது.

"பாதம் தொண்ணூத்தெட்டு மில்லி. பிரேக்க மிதிச்சிருக்கறப்ப உன் கால் விளிம்புலருந்து ஆக்சிலேட்டர் இருவத்திரெண்டு மில்லி தள்ளி நிக்குது. எப்படி எட்டும்? ஆக்சிலேட்டர் மேல பதினெட்டு மில்லிக்கு ஒரு பிளேட் வச்சா மிச்சம் நாலு. நாலு மில்லி இருந்தா சும்மா பிரேக் அடிக்கறப்ப படாது, சாய்ச்சா மட்டும் படும்."

"அது போதும்ணே."

"பிளேட்டுக்கு நீள ஓட்ட போட்டு போல்ட் வச்சுத் தாரேன். வேணுங்கறப்ப அங்கிட்டு இங்கிட்டு தள்ளிக்கலாம்."

"வேணாம்ணே. ஓட்டத்துல தளந்துருச்சுன்னா செத்தேன். கழட்ட முடியாத மாதிரி ரிவெட் அடிங்க."

"தளராது. லாக் நட் போடுவேன்."

"ரிவெட்ணே."

வெர்னியரைப் பையில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். "உன் கால் சைஸு மாறாதுல்ல?"

"இருவத்தாறு வயசுக்கு மேல எங்கண்ணே மாறப்போகுது?"

பெடலைக் கவ்வும் கிளிப்பில் பிளேட்டை வைத்து ரிவெட் அடித்தார். நான்கு.

மறுநாள் லேஅவுட்டில் முதல் முயற்சியிலேயே விழுந்தது. பிரேக், சாய்ப்பு, உறுமல், இரண்டாம் கியர், வெண்ணெய் மாதிரி. மச்சான் டாஷ்போர்டிலிருந்து கையை எடுத்தார். "இப்ப அழுகல" என்றார். அதற்குப் பிறகு இரண்டு வாரம், தினமும் நாற்பது தடவை. பிளேட்டின் ஓரம் சுண்டுவிரலுக்குக் கீழே எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். அந்த இரண்டு வாரம்தான் இந்தக் கதையில் எனக்கு எரிச்சல் இல்லாத பகுதி. அதனால் அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

டீம் அனுப்பிய விதிமுறைத் தாளில் மூன்று பொருள் போட்டிருந்தது. ஹெல்மெட், முழுக்கைச் சட்டை, கால் முழுவதும் மூடிய ஷூ. படித்தேன். டவுன் ஹால் ரோட்டில் ஷூ வாங்கினேன். டப்பாவோடு டிக்கியில் மஞ்சள் பைக்குப் பக்கத்தில் வைத்தேன். மச்சான் பார்த்தார்.

"இதப் போட்டுக்கிட்டா வண்டில ஏறுவ?"

"அன்னைக்கு மட்டும் மச்சான்."

"அன்னைக்குப் பாப்போம்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. டப்பாவை நான் அப்புறம் திறக்கவில்லை. அவர் திறக்கச் சொல்லவில்லை. வெங்கடரமணன் அண்ணனுக்கு அப்படி ஒரு டப்பா இருப்பதே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. ஓடுதளம் ஒன்றரை கிலோமீட்டர், ஏழு வளைவு, சுற்றிக் காய்ந்த புல், தூரத்தில் கல் குவாரி. டீம் சார்பில் வந்திருந்தவர் தேவிகா. முப்பது வயதிருக்கும், கோயம்புத்தூர்க்காரர், அவரே பந்தயம் ஓட்டுகிறவர். வண்டியைச் சோதிப்பது, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மார்க் போடுவது எல்லாம் அவர்தான். ஆளுக்கு இரண்டு செஷன். இரண்டிலும் வாங்கும் மார்க்கைச் சேர்த்து முதல் இரண்டு பேரை எடுத்துக்கொள்வார்கள்.

டயர் பார்த்தார், பிரேக் ஆயில் பார்த்தார், பிளேட்டை ஆட்டிப் பார்த்தார். "நல்ல வேலைங்க, யார் பண்ணினாங்க?" என்றார். மச்சான் தானே செய்த மாதிரி சிரித்தார். பிறகு தேவிகா குனிந்து என் காலைப் பார்த்தார்.

"ஷூங்க?"

டப்பாவை எடுத்தேன். மச்சான் குறுக்கே வந்தார்.

"ஏம்மா, ஹெல்மெட்டு தலைக்கு, சரி. காலுக்கு என்னத்துக்கு? கால் வண்டிக்குள்ளதான இருக்கு?"

"தீப்பிடிச்சா முதல்ல சுடறது காலுங்க."

"என் வண்டி ஏன் தீப்பிடிக்குது?"

"பிடிக்காதுங்க. ஆனா ஷூ இல்லாம உள்ள விட முடியாதுங்க."

"எட்டு வருசமா இந்த வண்டிக்குள்ள செருப்பு ஏறுனதில்ல. கலெக்டர் வந்தாலும் கழட்டிட்டுத்தான் ஏறணும்."

"கலெக்டர் ரேஸ் ஓட்ட வரலீங்களே."

மற்ற ஏழு பேரும் அவரவர் காரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் படம் பிடிக்கப் போனை எடுத்துவிட்டான். எனக்கு அங்கேயே கல் குவாரிக்குள் இறங்கிவிடலாமா என்றிருந்தது. "மச்சான், இதுக்காகத்தான இவ்வளவு நாள்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

அவர் டப்பாவைப் பிடுங்கித் திறந்தார். ஒரு ஷூவை எடுத்துக் கவிழ்த்து அடிப்பக்கத்தை விரலால் தடவினார்.

"இதப் போட்டு நடந்திருக்கியா?"

"இல்ல."

"வீட்டுக்குள்ள?"

"இல்ல மச்சான், டப்பாவ விட்டே எடுக்கல."

யோசித்தார். "தரையில படாததச் செருப்புன்னு சொல்ல முடியாது" என்று தீர்ப்பு சொன்னார். "சீட்டுல உக்காரு. காலத் தரையில வைக்காத."

சீட்டில் உட்கார்ந்து காலை வெளியே தொங்கப் போட்டேன். நாற்பத்தைந்து வயது மனிதர், கடையில் நான்கு பேருக்கு வேலை கொடுப்பவர், ஏழு பேர் பார்க்க மண்டி போட்டு, துண்டால் என் உள்ளங்காலைத் துடைத்து, ஷூவை மாட்டி, லேஸைக் கட்டினார்.

"இறுக்கிக் கட்டட்டா?"

"கட்டுங்க மச்சான், சீக்கிரம்."

தேவிகா தன் ஷூவுக்கு மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டுதான் ஏறினார். மச்சானே கொடுத்த பை.

முதல் இரண்டு வளைவும் சின்னவை. பிரேக்கைத் தொட்டால் போதும். காலுக்குக் கீழே ஏதோ மெத்தை போட்ட மாதிரி இருந்தது, புது ஷூ அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். மூன்றாவது வளைவுக்கு முன்னால் நீளமான நேர் ரோடு. நூற்றுப்பத்து. பிரேக் அடிக்கும் இடத்துக்கு ஆரஞ்சுக் கூம்பு வைத்திருந்தார்கள். கூம்பில் மிதித்தேன். லேஅவுட்டில் ஐந்நூறு தடவை மிதித்த அதே இடத்தில், அதே கோணத்தில் மிதித்தேன்.

வண்டி நிற்கவில்லை. இன்ஜின் கத்தியது. இன்னும் பலமாக மிதித்தேன், இன்னும் பலமாகக் கத்தியது. பிரேக் ஒரு பக்கம் இழுக்க, இன்ஜின் ஒரு பக்கம் தள்ள, வளைவு வந்து போய்விட்டது. புல், புழுதி, கண்ணாடி முழுக்கக் காய்ந்த சருகு. வலது காலை முழுவதுமாக எடுத்து, இடது காலால் பிரேக்கை அழுத்தித்தான் நின்றேன்.

தேவிகா தாளில் ஏதோ எழுதினார்.

"ரெண்டையும் சேர்த்து மிதிக்கறீங்க."

"இல்லீங்க."

"சத்தம் கேட்டுச்சுங்களே."

மீதி மூன்று சுற்றையும் ஹீல் அண்ட் டோ இல்லாமல், பாதத்தை இடது பக்கமாகக் கோணி வைத்து பிரேக் அடித்து, வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே மெதுவாக்கி ஓட்டி முடித்தேன். டவுன் பஸ் மாதிரி. கியர் ஒவ்வொரு முறையும் குத்தியது. ஒவ்வொரு குத்துக்கும் தேவிகாவின் பேனா ஓடியது.

அடுத்த செஷனுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. வண்டியை நிழலில் நிறுத்தினேன். மச்சான் சருகைத் தட்டிவிட்டு, தரையில் படுத்துத் தலையைப் பெடல் பக்கம் விட்டார்.

"பிரேக்க மிதி."

மிதித்தேன். உள்ளேயிருந்து சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"மாப்ள. உன் பூட்சு ஓரம் பிளேட்டு மேல ஏறி உக்காந்திருக்கு."

குனிந்து பார்த்தேன். ஷூவின் அடிப்பாகம் என் பாதத்தைவிட இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது. வலது பக்கம் மட்டும் ஏழு மில்லி இருக்கும். நான்கு மில்லி இடைவெளியில் ஏழு மில்லியை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வெர்னியர் தேவையில்லை. மச்சானுக்குப் பம்ப்செட் தெரியும், அண்ணனுக்கு மில்லி தெரியும், எனக்கு ரேஸ் தெரியும். மூன்று பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து மூன்று வாரம் வெறுங்காலுக்கு அளவெடுத்திருக்கிறோம்.

வெங்கடரமணன் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"ஷூவா? எந்த ஷூ?"

"ரேஸ்ல ஷூ போடணும்ணே. சட்டம்."

"எங்கிட்ட நீ வெறுங்காலத்தானப்பா காட்டுன?"

"ஆமாண்ணே, ஆனா..."

"நான் காலுக்குச் செஞ்சேன். ஷூவுக்குச் சொல்லியிருந்தா ஷூவுக்குச் செஞ்சிருப்பேன்." பின்னால் நாகமணி அக்கா என்னவென்று கேட்பதும், இவர் அவர்கள் பாஷையில் விளக்குவதும் கேட்டது. அந்த அம்மா சிரித்தது பாஷை தெரியாமலே புரிந்தது. "சரி, போல்ட்டுன்னா ஒரு நிமிசத்துல தள்ளி வச்சிருக்கலாம். ரிவெட்டு. யாரு ரிவெட்டு கேட்டது?"

"நான்தாண்ணே."

"ட்ரில் இருக்கா அங்க?"

"இல்ல."

"அப்ப ஒண்ணும் செய்ய முடியாது. கால வெட்டிக்க." வைத்துவிட்டார்.

ஷூவின் ஓரத்தைப் பிளேடால் செதுக்கலாமா என்று பார்த்தேன். ரப்பர் கட்டை மாதிரி இருந்தது, அதுவும் தேவிகா விடமாட்டார். மறுநாள் ராத்திரி ஒன்பது மணி ஷிஃப்ட் இப்போதே கண்ணுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. அதே டியூப் லைட், அதே ஏசி, அதே நான்கு மணி டீ. எனக்கு யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. இருந்தவர் மச்சான் ஒருவர்தான்.

"உங்க லட்சுமியால வந்தது மச்சான் இது. ஒரே ஒரு நாள் ஷூ போட்டு ஓட்டவிட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

"நீ கேட்டியா?"

"கேட்டா விட்ருப்பீங்களா?"

"விட்ருக்க மாட்டேன். ஆனா நீ கேக்கல."

எழுந்து டிக்கிக்குப் போனார். வீல் ஸ்பேனரையும் பெரிய ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு வந்தார். திரும்பவும் படுத்தார்.

"மச்சான், பெடல் வளைஞ்சிரும்."

"என் வண்டி. வளஞ்சா நிமித்திக்கிறேன்."

பெடலில் ஒரு ஓட்டை போட விடாத மனிதர். ஸ்க்ரூ டிரைவரைப் பிளேட்டுக்கு அடியில் கொடுத்து, ஸ்பேனரால் அடித்து நெம்பினார். நான்கு ரிவெட்டும் லேசில் கழலவில்லை. அண்ணன் வேலை அப்படி. இருபது நிமிடம். மூன்றாவது ரிவெட்டுக்கு அவர் கட்டை விரலில் ரத்தம் வந்தது. கடைசியில் பிளேட் பெடலின் ரப்பரையும் கிழித்துக்கொண்டு கையோடு வந்தது. வெறும் இரும்பு நின்றது.

காலை வைத்துப் பார்த்தேன். பழைய இருபத்திரண்டு மில்லியில் ஷூ ஏழு மில்லியை எடுத்துக்கொண்டது. மீதி பதினைந்து. சாய்த்தேன். ஷூவின் கெட்டியான ஓரம் போய் ஆக்சிலேட்டரில் முட்டியது. இன்னொரு முறை சாய்த்தேன். முட்டியது.

அதாவது முதல் நாளே ஷூ போட்டிருந்தால் பிளேட்டே தேவையில்லை. இதை மச்சானிடம் சொல்லவில்லை. அவர் விரலைச் சப்பிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது செஷனில் மூன்றாம் வளைவுக்குக் கூம்பு வந்ததும் மிதித்தேன். இன்ஜின் அமைதியாக இருந்தது. அந்த அமைதியே எனக்குப் போதுமாக இருந்தது. சாய்த்தேன், கொஞ்சம் அதிகமாக உறுமியது, இரண்டாம் கியர் லேசாக இடித்தது. ஐந்தாம் வளைவில் குறைவாக உறுமியது. இரண்டாம் சுற்றில் மூன்றாம் வளைவு மறுபடி வந்தது. பிரேக், சாய்ப்பு, உறுமல், கிளட்ச். ஒன்றும் நடக்கவில்லை. எந்தக் குத்தும் இல்லை, எந்த இடியும் இல்லை. வண்டி மூக்கைத் தாழ்த்தியபடியே வளைவுக்குள் போய், மறுபக்கம் இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. தேவிகாவின் பேனா நகரவில்லை. மிச்சச் சுற்றுகள் முழுவதும் நகரவில்லை.

வண்டியை நிறுத்தியதும் மச்சான் ஓடிவந்து, கால் தரையில் படுவதற்குள் லேஸை அவிழ்த்து ஷூவைக் கழற்றிவிட்டார். அதனால் முடிவைக் கேட்கும்போது நான் வெறுங்காலில் நின்றேன். மதியம் பன்னிரண்டு மணித் தார். கால் மாற்றி மாற்றி நின்றேன்.

"ரெண்டாவது செஷன்ல நீங்கதானுங்க முதல்" என்றார் தேவிகா. "முதல் செஷன்ல புல்லுக்குள்ள போயிட்டீங்க. சேர்த்துப் பார்த்தா மூணாவதுங்க. எடுக்கறது ரெண்டு பேரு."

"சரிங்க."

"இதுக்கு முன்ன ஷூ போட்டு ஓட்டிப் பாக்கலீங்களா?"

"இல்லீங்க."

"ஒரு தடவகூடவா?"

தேவிகா என் காலைப் பார்த்தார், மச்சானின் வெறுங்காலைப் பார்த்தார், தன் ஷூவைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பையைப் பார்த்தார். "டிசம்பர்ல மறுபடி ஆள் எடுக்கறோமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை அவிழ்த்து மச்சானிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பும்போது மச்சான்தான் ஓட்டினார். ரப்பர் போன இரும்புப் பெடலில் வெறுங்கால் வழுக்கிக்கொண்டே வந்தது. வாடிப்பட்டி தாண்டியதும் கேட்டார்.

"அப்ப நாளைக்கு ஷிஃப்ட்டா?"

"ஆமா."

"காலைல எத்தன மணிக்கு விடுவாய்ங்க?"

"ஆறு."

"ஏழு மணிக்கு லேஅவுட்டுக்கு வந்துரு. எட்டாச்சுன்னா அந்தம்மா ஆட்ட ஓட்டிக்கிட்டு வந்துரும்."

"ராத்திரி பூரா முழிச்சுட்டு வந்து தூங்க வேணாமா மச்சான்?"

"பதினோரு மாசம் தூங்குனேல்ல?"

அக்காவிடமிருந்து கற்றுக்கொண்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். போனில் வெங்கடரமணன் அண்ணனின் மெசேஜ் வந்திருந்தது. *ஷூவோட வா. அளக்கணும். ரிவெட் கிடையாது.* பிளேட்டே வேண்டாம் என்று அவருக்கு யார் சொல்வது?

சமயநல்லூரில் வீட்டு வாசலில் வண்டி நின்றது. மீனா கதவைத் திறந்து எங்கள் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். மச்சான் டிக்கியைத் திறந்து ஷூ டப்பாவை எடுத்தார். வீட்டுக்குள் கொண்டுபோவார் என்று பார்த்தேன். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். கொஞ்ச நேரம் டப்பாவையும் சீட்டையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து டப்பாவை டிரைவர் சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

"இனிமே இங்கயே கெடக்கட்டும். தெனமும் இதப் போட்டே ஓட்டு."

எட்டு வருடத்தில் அவர் செய்த பெரிய காரியம் அதுதான். எனக்கும் அது தெரியும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

"அங்க வைக்காதீங்க மச்சான். பிரேக் அடிச்சா டப்பா முன்னால வழுக்கி வந்து பெடலுக்கு அடில மாட்டிக்கிரும்."

நிமிர்ந்தார். கட்டை விரலில் சுற்றியிருந்த துணி அவிழ்ந்து தொங்கியது.

"எதச் செஞ்சாலும் நொட்ட சொல்லு" என்றார். டப்பாவை வெளியே இழுத்து, பின் சீட்டில் ஒரு பழைய தினசரியை விரித்து, அதன் மேல் வைத்து, சீட் பெல்ட்டை இழுத்து டப்பாவுக்குப் போட்டார்.